அறிகுறியே இல்லாத குழந்தைக்கு யூரின் டெஸ்ட் தேவையா? அரை நூற்றாண்டு ஆய்வுகள் சொல்லும் பதில்

குழந்தைக்குக் காய்ச்சல் இல்லை. வயிற்று வலி இல்லை. ஒன்றுக்குப் போகும்போது எரிகிறது என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. நன்றாகச் சாப்பிடுகிறது, ஓடி விளையாடுகிறது. ஆனாலும், 'எதுக்கும் ஒரு தடவை எல்லாத்தையும் பார்த்துடலாம்' என்று எடுத்த ஹெல்த் செக்கப் பேக்கேஜில் யூரின் ரிப்போர்ட் மட்டும் தடித்த எழுத்தில் வந்து நிற்கிறது: பாக்டீரியா இருக்கிறது.

அடுத்து நடப்பதை ஊகிப்பது கஷ்டம் இல்லை. ரிப்போர்ட் ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்புக்குப் போகும். கூகுளில் தேடினால், 'கிட்னி பாதிக்கப்படலாம்' என்ற வரி கண்ணில் படும். சாயங்காலத்துக்குள் ஓர் ஆன்டிபயாட்டிக் சிரப் வீட்டுக்கு வந்துவிடும்.

இந்தச் சங்கிலியை எங்கே நிறுத்துவது? ரிப்போர்ட் வந்த பிறகு பதறுவதைவிட, டெஸ்ட் எடுப்பதற்கு முன்பே யோசிப்பதுதான் சரி. எந்த அறிகுறியும் இல்லாத, ஆரோக்கியமான குழந்தையின் சிறுநீரில் கிருமியைத் தேட வேண்டிய அவசியம் இல்லை. தேடிக் கண்டுபிடித்து மருந்து கொடுத்தால், நன்மையைவிடத் தீமைக்கே வாய்ப்பு அதிகம். ஆயிரக்கணக்கான பள்ளிக் குழந்தைகளைப் பரிசோதித்து, ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்த பிறகு மருத்துவ உலகம் வந்து சேர்ந்த முடிவு இது.

ஆனால் இதே யூரின் டெஸ்ட், இன்னொரு குழந்தைக்குச் சிறுநீரகத்தைக் காப்பாற்றும் டெஸ்ட். எந்தக் குழந்தைக்குத் தேவை, எந்தக் குழந்தைக்குத் தேவையில்லை என்ற வித்தியாசம் தெரிவதுதான் முக்கியம்.

யூரினில் கிருமி இருந்தாலே இன்ஃபெக்‌ஷனா?

இல்லை. இந்த ஒரு குழப்பம் தீர்ந்தாலே பாதிப் பிரச்னை தீர்ந்துவிடும்.

சிறுநீர்ப் பாதைத் தொற்று என்பது, கிருமி உள்ளே வந்து, உடல் அதை எதிர்த்துச் சண்டை போடும் நிலை. காய்ச்சல், எரிச்சல், அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர் வருவது போன்ற உணர்வு எல்லாம் அந்தச் சண்டையின் அடையாளங்கள். லேப் ரிப்போர்ட்டில் 'பஸ் செல்ஸ்' என்று வரும் சீழ் அணுக்களும் பெரும்பாலும் அதன் அடையாளம்தான்.

சிலரது சிறுநீர்ப்பையிலோ கிருமி சும்மா வந்து தங்கும். உடலும் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளாது, அதுவும் தன் பாட்டுக்கு இருக்கும். இதை மருத்துவர்கள் 'அசிம்ப்டமேட்டிக் பாக்டீரியூரியா' என்கிறார்கள். அறிகுறி இல்லாமல் சிறுநீரில் கிருமி இருப்பது என்று பொருள். குடலிலும் தோலிலும் வாயிலும் கோடிக்கணக்கான பாக்டீரியா குடியிருக்கின்றன. அதை யாரும் நோய் என்று சொல்வதில்லை. கிட்டத்தட்ட அதுபோன்ற ஒரு நிலைதான் இதுவும்.

எவ்வளவு கிருமி இருந்தால் அது கணக்கில் வரும்? அமெரிக்காவின் பாஸ்டன் நகரைச் சேர்ந்த எட்வர்ட் காஸ் என்ற மருத்துவர் 1950-களில் இதற்கு ஓர் அளவுகோல் கொண்டுவந்தார். ஒரு மில்லி சிறுநீரில் 1 லட்சம் அல்லது அதற்கு மேல் பாக்டீரியா வளர்ந்தால், அது சேகரிக்கும்போது தோலில் இருந்து ஒட்டிக்கொண்டு வந்ததாக இருக்க வாய்ப்பு குறைவு, சிறுநீர்ப்பையிலேயே இருந்த கிருமி என்று எடுத்துக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். இன்றைக்கும் யூரின் கல்ச்சர் ரிப்போர்ட்டில் 1 லட்சம் என்ற எண் வருவதற்கு அவர்தான் காரணம்.

இதில் கவனிக்க ஒன்று உண்டு. கிருமி எங்கே இருந்தது என்பதற்கு இந்த எண் பதில் சொல்லும். அந்தக் கிருமி குழந்தைக்குக் கெடுதல் செய்கிறதா என்ற கேள்விக்கு அதில் பதில் கிடையாது. அதைக் குழந்தையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

அப்படியானால் ஏன் தேட ஆரம்பித்தார்கள்?

நல்ல எண்ணத்தில்தான். 1960-களில் சிறுநீரகம் செயலிழந்தால் பிழைப்பது அரிது. டயாலிசிஸ் அப்போதுதான் மெல்ல வந்துகொண்டிருந்தது. சிறுநீரகத்தில் தழும்புகளோடு வந்த பெரியவர்களைப் பார்த்த மருத்துவர்களுக்கு, 'சின்ன வயசுல யாருக்கும் தெரியாம இருந்த இன்ஃபெக்‌ஷன்தான் இதுக்குக் காரணமோ?' என்ற சந்தேகம் வந்தது. சில குழந்தைகளுக்குச் சிறுநீர்ப்பையில் இருந்து சிறுநீர் மேல்நோக்கிச் சிறுநீரகத்துக்கே திரும்பிப் போகும். 'ரிஃப்ளக்ஸ்' எனப்படும் இந்தக் கோளாறுக்கும் தழும்புக்கும் தொடர்பு இருப்பதும் அந்தக் காலகட்டத்தில்தான் தெரியவந்தது.

எனவே திட்டம் எளிமையாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் எல்லாக் குழந்தைகளின் சிறுநீரையும் பரிசோதிக்க வேண்டும். கிருமி இருந்தால் உடனே மருந்து கொடுக்க வேண்டும். எதிர்காலச் சிறுநீரகச் செயலிழப்பைத் தடுத்துவிடலாம்.

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் கால்வின் குனின் தலைமையிலான குழு 1959-ல் பள்ளிக் குழந்தைகளிடம் இந்தத் தேடலைத் தொடங்கியது. பெண் குழந்தைகளில் ஏறக்குறைய 100-க்கு ஒருவரிடம் கிருமி இருந்தது. ஆண் குழந்தைகளிடம் அது மிக அரிது. மருந்து கொடுத்தால் கிருமி போனது. ஆனால் அவர்களில் பெரும்பாலானவர்களிடம் மறுபடியும் வந்தது.

இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் 13,000-க்கும் அதிகமான பள்ளிக் குழந்தைகளைப் பரிசோதித்த ஆய்வு 1975-ல் வெளியானது. பெண் குழந்தைகளில் 1.9 சதவீதம், ஆண் குழந்தைகளில் 0.2 சதவீதம் என்று அங்கும் கிட்டத்தட்ட அதே படம்தான்.

ஆக, தேடினால் கிடைக்கிறது என்பது உறுதியானது. அடுத்த கேள்விதான் முக்கியம். கண்டுபிடித்து மருந்து கொடுப்பதால் குழந்தைக்கு என்ன லாபம்?

நான்கு ஆண்டுகள் காத்திருந்து பார்த்தார்கள்

பிரிட்டனில் கார்டிஃப், ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் சேர்ந்து நடத்திய ஆய்வு இதற்கு நேரடியாகப் பதில் தேடியது. பள்ளிப் பரிசோதனையில் கிருமி கண்டறியப்பட்ட 208 சிறுமிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு ஆன்டிபயாட்டிக் சிகிச்சை, இன்னொரு பகுதிக்குச் சிகிச்சை இல்லை. நான்கு ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். 1978-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் முடிவு வெளியானது.

பிற்பாடு அறிகுறிகள் தோன்றியதிலோ, சிறுநீரகத்தின் வளர்ச்சியிலோ, தழும்பு அதிகமானதிலோ இரண்டு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஆன்டிபயாட்டிக் கொடுத்தது குழந்தைகளின் சிறுநீரகத்துக்கு எந்தக் கூடுதல் பாதுகாப்பையும் தரவில்லை.

'பள்ளிக்கூட வயசுல பார்த்தது லேட்டா இருந்திருக்கலாம், பிறந்ததும் பார்த்தா?' என்று ஒரு கேள்வி வரும். ஸ்வீடனின் கோதன்பர்க் நகரில் அதையும் செய்து பார்த்தார்கள். 3,581 கைக்குழந்தைகளைப் பரிசோதித்து, அறிகுறி இல்லாமல் கிருமி இருந்த பெரும்பாலானவர்களை மருந்து கொடுக்காமல் கவனித்தார்கள். பெரும்பாலானோரிடம் கிருமி தானாகவே மறைந்துவிட்டது. காய்ச்சலோடு தொற்று வந்தது மிகச் சிலருக்குத்தான்.

விரட்டப் போய் வம்பை வாங்கிய கதை

அதே கோதன்பர்க்கில் கிடைத்த இன்னொரு தகவல் எதிர்பாராதது. அறிகுறி இல்லாத கிருமியோடு இருந்த சிறுமிகளுக்கு வேறு ஏதோ காரணத்துக்காக ஆன்டிபயாட்டிக் கொடுக்கப்பட்டபோது, சாதுவாக இருந்த பழைய கிருமி அழிந்தது. காலியான இடத்துக்குப் புதிய கிருமி வந்தது. அதனால் சிலருக்குக் காய்ச்சலுடன் கூடிய சிறுநீரகத் தொற்று ஏற்பட்டது. 1989-ல் வெளியான இந்த முடிவு, 'கிருமி இருந்தா அழிச்சிடணும்' என்ற எண்ணத்தையே கேள்விக்குள்ளாக்கியது.

பெரியவர்களிடமும் இதே போக்கு தென்பட்டது. அடிக்கடி தொற்று வரும் 650-க்கும் அதிகமான இளம் பெண்களிடம் இத்தாலியில் நடத்தி 2012-ல் வெளியிட்ட ஆய்வில், அறிகுறி இல்லாதபோது கிருமிக்காக ஆன்டிபயாட்டிக் எடுத்தவர்களுக்கே பின்னாளில் அறிகுறியுடன் தொற்று அதிகமாக வந்தது.

இன்னும் ஒரு படி மேலே போன கதையும் உண்டு. ஸ்வீடனில் ஒரு சிறுமியின் சிறுநீர்ப்பையில் மூன்று ஆண்டுகள் எந்தத் தொந்தரவும் செய்யாமல் தங்கியிருந்த இ.கோலை பாக்டீரியாவை ஆய்வாளர்கள் பிரித்தெடுத்தார்கள். அதற்கு வைத்த அடையாள எண் 83972. பிற்காலத்தில் ஸ்வீடனிலும் அமெரிக்காவிலும், அடிக்கடி தொற்று வரும் பெரியவர்களின் சிறுநீர்ப்பைக்குள் இந்தக் கிருமியை வேண்டுமென்றே குடியேற்றிப் பார்த்தார்கள். சிறிய அளவில் நடந்த அந்த ஆய்வுகளில், இது தங்கியவர்களுக்குத் தொற்று குறைந்தது. இது இன்னும் வழக்கமான சிகிச்சையாக மாறவில்லை. ஆனால் ரிப்போர்ட்டில் பார்த்ததும் பயமுறுத்தும் ஒரு கிருமி, சில நேரம் வாசலில் உட்கார்ந்து மற்ற கிருமிகளை உள்ளே விடாமல் பார்த்துக்கொள்ளவும் கூடும் என்பதை இந்த ஆய்வுகள் காட்டின.

ஆயிரம் குழந்தைகள், ஒரு எளிய கணக்கு

'மருந்து வேணாம், சும்மா டெஸ்ட் மட்டும் பண்ணி வெச்சுக்கலாமே?' என்று தோன்றலாம். அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது.

ஆரோக்கியமாக இருக்கும் 1,000 சிறுமிகளைப் பரிசோதிப்பதாக வைத்துக்கொள்வோம். அவர்களில் 10 பேரிடம் உண்மையிலேயே கிருமி இருக்கிறது. டெஸ்ட் அந்த 10 பேரில் 8 பேரைச் சரியாகக் கண்டுபிடிக்கிறது என்றும், கிருமி இல்லாதவர்களில் 95 சதவீதம் பேருக்கு 'இல்லை' என்று சரியாகச் சொல்கிறது என்றும் எடுத்துக்கொண்டால், கேட்பதற்கு நல்ல டெஸ்ட் போலத்தான் இருக்கும்.

மீதமுள்ள 990 பேரில் 5 சதவீதம் என்றால் கிட்டத்தட்ட 50 பேர். கிருமியே இல்லாத இந்த 50 பேருக்கும் 'பாசிட்டிவ்' என்று ரிப்போர்ட் வரும். ஆக மொத்தம் 58 வீடுகளில் பதற்றம். அதில் 8 பேரிடம்தான் கிருமி இருக்கிறது. அந்த 8 பேருக்கும் மருந்தால் பலன் இல்லை என்பதைத்தான் மேலே பார்த்த ஆய்வுகள் சொல்கின்றன.

நோய் அரிதாக இருக்கும் கூட்டத்தில் எந்த டெஸ்டை எடுத்தாலும் இந்தச் சிக்கல் வரும். சிறுநீரில் இது இன்னும் மோசம். கைக்குழந்தைகளுக்கு டாய்லெட் ட்ரெய்னிங் இருக்காது. அதனால் பிளாஸ்டிக் பையை ஒட்டி வைத்துச் சேகரிக்கிறார்கள். தோலில் இருக்கும் கிருமிகள் அதில் சுலபமாகக் கலந்துவிடும். பையில் எடுத்த சிறுநீரின் கல்ச்சர் நெகட்டிவ் என்றால் நம்பலாம், பாசிட்டிவ் என்றால் அதை மட்டும் வைத்துத் தொற்று என்று முடிவெடுக்கக் கூடாது என்பது மருத்துவ வழிகாட்டுதல்களில் உள்ள விஷயம்.

டெஸ்டோடு முடிவதில்லை

ஒரு பாசிட்டிவ் ரிப்போர்ட், தன்னோடு ஒரு வரிசையையே இழுத்துக்கொண்டு வரும். முதலில் ரிப்பீட் கல்ச்சர். அப்புறம் ஸ்கேன். சில நேரம், சிறுநீர்த் துவாரம் வழியாகக் கதீட்டர் செலுத்தி, மருந்து நிரப்பி எடுக்கும் எம்.சி.யு. எக்ஸ்ரே. உண்மையிலேயே தேவைப்படும் குழந்தைக்கு இந்த எக்ஸ்ரே அவசியம்தான். விளையாடிக்கொண்டிருந்த குழந்தையை ஒரு பேக்கேஜ் ரிப்போர்ட்டுக்காகப் பிடித்துப் படுக்க வைத்து எடுக்க வேண்டிய ஒன்று கிடையாது.

பிறகு ஆன்டிபயாட்டிக். வயிற்றுப்போக்கு, அலர்ஜி எல்லாம் உடனே தெரியும் பக்க விளைவுகள். அதைவிடப் பெரிய சிக்கல், மருந்துக்கு அடங்காத கிருமிகள் உருவாவது. அமெரிக்காவில் ரிஃப்ளக்ஸ் உள்ள 607 குழந்தைகளிடம் நடத்தி 2014-ல் வெளியிட்ட 'ரிவர்' ஆய்வு இதற்கு நல்ல உதாரணம். தினமும் குறைந்த அளவில் ஆன்டிபயாட்டிக் கொடுத்ததில், திரும்பத் தொற்று வருவது பாதியாகக் குறைந்தது. ஆனால் சிறுநீரகத் தழும்பில் வித்தியாசம் இல்லை. மருந்து எடுத்தும் இ.கோலை தொற்று மறுபடி வந்தவர்களில் 63 சதவீதம் பேரிடம், அந்தக் கிருமி கொடுத்த மருந்துக்கு அடங்கவில்லை. மருந்து எடுக்காதவர்களிடம் இது 19 சதவீதம்தான். இவர்கள் ஏற்கெனவே தொற்று வந்து, ரிஃப்ளக்ஸும் உள்ள குழந்தைகள். இவர்களுக்கே லாபத்தையும் நஷ்டத்தையும் எடைபோட வேண்டியிருக்கும்போது, எந்தப் பிரச்னையும் இல்லாத குழந்தைக்கு மருந்து கொடுப்பதில் தராசின் ஒரு தட்டு காலியாகவே இருக்கிறது.

இந்தியாவுக்கு இது இன்னும் கூர்மையான கேள்வி. மருந்துக்கு அடங்காத கிருமிகளைச் சமாளிக்க இந்திய மருத்துவச் சங்கங்கள் ஒன்றுகூடி 2012-ல் 'சென்னைப் பிரகடனம்' வெளியிட்டன. முக்கியமான சில ஆன்டிபயாட்டிக்குகளை மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்றதைப் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும் என்ற 'ஷெட்யூல் எச்1' விதி 2014-ல் அமலுக்கு வந்தது. மருந்து அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள் என்ற பிரசாரம் 2016-ல் தொடங்கியது. ஒரு பக்கம் இவ்வளவு முயற்சி. இன்னொரு பக்கம், தேவையே இல்லாத ஒரு டெஸ்ட் மூலம் ஆன்டிபயாட்டிக்குக்கு இன்னொரு வாசலைத் திறந்து வைப்பது எப்படிச் சரியாகும்?

ஜப்பானில் பண்றாங்களே? கர்ப்பிணிகளுக்குப் பண்றாங்களே?

இரண்டும் நியாயமான கேள்விகள்.

ஜப்பானில் 1974 முதல் பள்ளிக் குழந்தைகள் எல்லோருக்கும் ஆண்டுதோறும் சிறுநீர்ப் பரிசோதனை நடக்கிறது. தைவான் 1990-லும், தென்கொரியா 1998-லும் இதே வழியில் தொடங்கின. ஆனால் அங்கே முக்கியமாகத் தேடுவது புரதத்தையும் ரத்தத்தையும். சிறுநீரக வடிகட்டிகளைப் பாதிக்கும் நாள்பட்ட நோய்களைச் சீக்கிரம் கண்டுபிடிப்பதுதான் நோக்கம். அது தேவையா, லாபமா என்பது தனி விவாதம். கிருமி தேடும் டெஸ்டுக்கு அதை ஆதாரமாகக் காட்ட முடியாது.

கர்ப்பிணிகள் விஷயம் வேறு. கர்ப்ப காலத்தில் ஹார்மோன் மாற்றத்தாலும், கருப்பையின் அழுத்தத்தாலும் சிறுநீர்க் குழாய்கள் தளர்ந்து, சிறுநீர் தேங்கும். சாதுவாக இருக்கும் கிருமி சிறுநீரகம் வரை ஏறுவது அப்போது சுலபம். மருந்து கொடுத்தால் அந்த ஆபத்து குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. அதனால்தான் கர்ப்பிணிகளுக்கு இந்தப் பரிசோதனை பரிந்துரைக்கப்படுகிறது. சிறுநீர்ப் பாதைக்குள் கருவி செலுத்திச் செய்யும் சில அறுவை சிகிச்சைகளுக்கு முன்பும் அப்படித்தான். கிருமி ஒன்றுதான், அது இருக்கும் உடல் வேறு. மருந்தால் பலன் உண்டு என்று நிரூபணம் ஆன இடத்தில் தேடுவதில் அர்த்தம் இருக்கிறது.

ஸ்க்ரீனிங் என்பதே இந்த அடிப்படையில்தான் நிற்கிறது. 1968-ல் உலக சுகாதார நிறுவனத்துக்காக வில்சன், யுங்னர் இருவரும் எழுதிய விதிகள் இன்றும் பயன்படுகின்றன. நோய் முக்கியமானதாக இருக்க வேண்டும், அது எப்படி வளரும் என்று தெரிந்திருக்க வேண்டும், கண்டுபிடித்தால் ஏற்கத்தக்க சிகிச்சை இருக்க வேண்டும் என்பவை அவற்றில் சில. குழந்தைகளின் சிறுநீரில் அறிகுறியற்ற கிருமி என்பது கடைசி விதியிலேயே தோற்றுவிடுகிறது. 2013-ல் தொடங்கிய இந்திய அரசின் குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டமான ஆர்.பி.எஸ்.கே. பட்டியலில் பிறவிக் குறைபாடு, ரத்தசோகை, பார்வை, கேட்கும் திறன், இதய நோய் என்று ஏறத்தாழ 30 விஷயங்கள் இருக்கின்றன. அறிகுறியற்ற சிறுநீர்க் கிருமி அதில் இல்லை.

வழிகாட்டுதல்கள் என்ன சொல்கின்றன?

அமெரிக்கக் குழந்தைகள் நல மருத்துவர் சங்கமான ஏ.ஏ.பி., ஒரு காலத்தில் வழக்கமான செக்கப்பில் சிறுநீர்ப் பரிசோதனையையும் சேர்த்திருந்தது. 2007-ல் அதை நீக்கிவிட்டது. அமெரிக்கத் தொற்றுநோய் சங்கமான ஐ.டி.எஸ்.ஏ. 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் நேரடியாகவே சொல்கிறது: கைக்குழந்தைகளிடமும் குழந்தைகளிடமும் அறிகுறியற்ற கிருமியைத் தேடவும் வேண்டாம், சிகிச்சை தரவும் வேண்டாம். இந்தியக் குழந்தைகள் சிறுநீரகவியல் சங்கமும், அறிகுறி இல்லாத கிருமிக்குச் சிகிச்சை தேவையில்லை என்ற நிலைப்பாட்டையே 2011-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் எடுத்தது.

இவ்வளவு தெளிவாக இருந்தும், பேக்கேஜ்களில் யூரின் டெஸ்ட் ஏன் தொடர்கிறது? எடுப்பது சுலபம், ஊசி இல்லை, செலவு குறைவு, லிஸ்டில் டெஸ்ட்டுகளின் எண்ணிக்கை கூடும். '60 டெஸ்ட், ஒரே விலை' என்ற விளம்பரத்தில் எண்ணிக்கைதான் விற்பனைப் பொருள். அந்த டெஸ்டின் ரிசல்ட்டை வைத்து என்ன செய்வது என்ற கேள்வி விலைப்பட்டியலில் வருவதில்லை.

தேவைப்படும் குழந்தை யார்?

காய்ச்சலோடு வரும் கைக்குழந்தை. சளி, இருமல் என்று வேறு எந்தக் காரணமும் தெரியாமல் காய்ச்சல் இருந்தால், சிறுநீரைப் பார்க்காமல் விடக் கூடாது. காய்ச்சலோடு வரும் கைக்குழந்தைகளில் 100-க்கு 5 முதல் 7 பேருக்குச் சிறுநீர்ப் பாதைத் தொற்று இருக்கிறது. 'எரியுது' என்று அந்தக் குழந்தையால் சொல்ல முடியாது. வாந்தி, பால் குடிக்க மறுப்பது, விடாத அழுகை, எடை கூடாமல் இருப்பது, பிறந்த குழந்தையின் மஞ்சள் காமாலை நீண்டுகொண்டே போவது இவைதான் அதன் மொழி.

இங்கே தாமதத்துக்கு விலை உண்டு. காய்ச்சல் தொடங்கி 48 மணி நேரத்துக்கு மேல் சிகிச்சை தள்ளிப்போனால் சிறுநீரகத்தில் தழும்பு விழும் வாய்ப்பு கூடுவதை 2016-ல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது.

பெரிய குழந்தைகளிடம் எரிச்சல், அடிக்கடி போவது, அவசரம், அடிவயிறு அல்லது விலாப் பக்க வலி, படுக்கையில் போவதை நிறுத்திய குழந்தை மறுபடி நனைப்பது போன்றவை இருந்தால் டெஸ்ட் எடுக்க வேண்டும். ஏற்கெனவே தொற்று வந்தவர்கள், கர்ப்ப கால ஸ்கேனிலேயே சிறுநீரகத்தில் வீக்கம் தெரிந்தவர்கள், பிறவிக் கோளாறு உள்ளவர்கள் ஆகியோருக்கு என்ன, எப்போது என்பதை அவர்களின் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

ஆனால் நடைமுறையில் இது சில நேரம் தலைகீழாகிவிடுகிறது. காரணம் தெரியாத காய்ச்சலோடு இருக்கும் குழந்தைக்கு, யூரின் சாம்பிள்கூட எடுக்காமல், மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய ஆன்டிபயாட்டிக் இரண்டு வேளை கொடுக்கப்படுகிறது. அதன்பின் கல்ச்சர் எடுத்தால் கிருமி வளராது, எந்த மருந்து கேட்கும் என்றும் தெரியாது. எந்தத் தொந்தரவும் இல்லாத குழந்தைக்கோ முழு கல்ச்சர் ரிப்போர்ட் கையில் இருக்கிறது. ஒரே டெஸ்ட், தப்பான குழந்தையிடம் போய்ச் சேர்கிறது.

ரிப்போர்ட் ஏற்கெனவே கையில் இருந்தால்?

பயப்படத் தேவையில்லை. மருந்தைத் தாங்களாகவே ஆரம்பிக்காமல், குழந்தைகள் நல மருத்துவரிடம் பெற்றோர் இந்தக் கேள்விகளைக் கேட்கலாம்:

சாம்பிள் எப்படி எடுக்கப்பட்டது? பையிலா, சுத்தம் செய்து நடுவில் வரும் சிறுநீரைப் பிடித்தா?

சீழ் அணுக்களும் அதிகமாக இருக்கின்றனவா, கிருமி மட்டும்தானா?

குழந்தைக்கு எந்த அறிகுறியும் இல்லாதபோது இந்த ரிசல்ட்டுக்காக மருந்து தேவையா? கொடுக்காவிட்டால் என்ன ஆகும்?

பிற்பாடு காய்ச்சல் வந்தால், இந்தப் பழைய ரிப்போர்ட்டை மருத்துவரிடம் காட்டி, ஆன்டிபயாட்டிக்குக்கு முன்பே புதிதாகச் சிறுநீர் சாம்பிள் கொடுப்பது நல்லது. அதேபோல, உண்மையான தொற்று வந்து, மருந்து முடித்து, குழந்தை நன்றாக ஆகிவிட்டால், 'கிருமி போயிடுச்சான்னு பார்ப்போம்' என்று மறுபடி கல்ச்சர் எடுப்பதும் வழக்கமாகத் தேவையில்லை. அங்கும் அறிகுறியற்ற கிருமி தென்பட்டு, அதே சங்கிலி தொடங்கும்.

எதில் செலவிட வேண்டும்?

சிறுநீர்த் தொற்றைத் தடுக்க ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்றால், ஆதாரம் உள்ள வழிகள் இருக்கின்றன. சிறுநீரை அடக்கி வைப்பதும் மலச்சிக்கலும் குழந்தைகளுக்குத் திரும்பத் திரும்பத் தொற்று வர முக்கியக் காரணங்கள். தாழ்ப்பாள் இல்லாத, தண்ணீர் வராத, நாற்றம் அடிக்கும் ஸ்கூல் டாய்லெட்டுக்குப் போகப் பிடிக்காமல், காலையில் இருந்து தண்ணீரே குடிக்காமல், வீட்டுக்கு வந்ததும் பாத்ரூமுக்கு ஓடும் குழந்தைகளைப் பெற்றோருக்குத் தெரியும். தண்ணீர் குடிக்க நினைவூட்டும் 'வாட்டர் பெல்' கேரளப் பள்ளிகளில் 2019-ல் பேசுபொருளானது. குடித்த தண்ணீரை வெளியேற்ற நல்ல டாய்லெட்டும், வகுப்பு நடுவில் கேட்டாலும் திட்டாமல் அனுப்பும் டீச்சரும் இருந்தால்தான் அந்த மணிக்குப் பலன்.

லேப்கள், ஆரோக்கியமான குழந்தைகளுக்கான பேக்கேஜில் இருந்து யூரின் கல்ச்சரை எடுத்துவிட வேண்டும். செக்கப் முகாம் நடத்தும் பள்ளிகள், டெஸ்ட் லிஸ்டை ஒரு குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டிவிட்டு முடிவெடுக்க வேண்டும். முகாமுக்கு ஒதுக்கிய பணம் மிச்சமானால், பள்ளியின் டாய்லெட் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் போடலாம். பெற்றோர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: குழந்தை நன்றாக இருந்தால் யூரின் டெஸ்ட் வேண்டாம், காரணம் தெரியாத காய்ச்சல் என்றால் தாமதிக்கவே வேண்டாம்.